ஏரிக்காக எழுதிய ஓலை

முன்னொரு காலத்தில், மழை கொட்டித் தீர்த்த ஓர் ஆண்டில், ஒரு நாட்டின் மன்னருக்குத் தூக்கம் போயிற்று. அரண்மனையை ஒட்டிய ஏரியில் தவளைகள் விடிய விடியக் கத்தின. நான்காம் நாள் காலை, சிவந்த கண்களோடு சபைக்கு வந்தவர், "ஏரியைத் தூர்த்துவிடுங்கள்" என்றார்.

ஊரே அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. ஆனாலும் வாய் திறந்தவர் விகடகவி மாசிலாமணி ஒருவர்தான். "மன்னா, அடுத்து சேவல்களையும்..." என்று தொடங்கினார்.

"உமது வேடிக்கையைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. காரணம் இருந்தால் ஓர் ஓலையில் எழுதி நாளை கொண்டு வாரும்."

எழுத்தர் தலைவர் வேதாசலத்துக்கு மாசிலாமணியைக் கண்டாலே ஆகாது. அவர் எழுந்து வணங்கினார். "மன்னா, விகடகவி எழுதினால் விகடம்தான் வரும். ஓலையில் அவருடைய சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் நாடு கடத்தலாம்."

மன்னர் தலையசைத்துவிட்டார்.

மாசிலாமணி சபையை விட்டு வெளியே வந்தார். சொல்லை விற்றுப் பிழைப்பவனிடம் சொல்லைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது? யோசித்தபடியே நடந்தவர் யானைப்பாகனிடம் நின்றார், அரண்மனையில் நீர் இறைக்கும் காத்தாயியிடம் நின்றார், மதகருகே இருந்த கல்வெட்டை மண் தட்டிப் படித்தார். கேட்ட சொல்லும் படித்த சொல்லும் மாறாமல் ஓலையில் எழுதிக்கொண்டார்.

வீட்டில் மனைவி அலர்மேலு ஓலையை வாங்கிப் பார்த்தாள்.

"தவளைச் சத்தத்தைப் பத்தி ஒண்ணுமே காணோமே?"

"அது எதிராளி பேச்சு. அதை நான் எதுக்கு எழுதணும்?"

"ராஜா தூங்கலைங்கிறது நிஜந்தானே? அதை மறைச்சா, படிக்கிறப்போ அவர் மனசு அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கும்."

மாசிலாமணி செருப்பைக்கூடப் போடாமல் மறுபடி அரண்மனைக்கு ஓடினார்.

மறுநாள் சபையில் மன்னர் ஓலையை உரக்கப் படித்தார்.

"'தவளைச் சத்தத்தால் மன்னருக்கு உறக்கமில்லை' – வேதாசலம். 'வடக்கு அறையில படுத்தா ஒரு சத்தமும் கேக்காது' – படுக்கை விரிக்கும் பொன்னன். 'ஏரி வத்துன வருசம் அரமனைக் கெணறும் வத்திப்போச்சு' – காத்தாயி. 'பட்டத்து யானை வேற தண்ணியில வாய் வைக்காது' – பாகன். 'இவ்வேரியைக் காத்தவன் பாதம் என் தலைமேல்' – மதகுக் கல்வெட்டில் மன்னர்."

கடைசி வரியில் மன்னரின் குரல் தேய்ந்தது. முடிசூடிய ஆண்டில் அவரே வெட்டச் சொன்ன கல் அது.

வேதாசலம் பதறினார். "மன்னா, சொற்கள் பிறருடையவை. ஆனால் இந்த வரிசை இவருடையது."

"சொல் கூடாது என்றீர்கள். வரிசை கூடாது என்று சொல்லவில்லையே" என்றார் மாசிலாமணி பணிவாக.

மன்னரின் பார்வை மெல்ல இறங்கி விகடகவியின் பாதங்களில் நின்றது. "அப்படியானால் கல்லில் உள்ளபடி இவற்றை என் தலைமேல் ஏற்க வேண்டும். அப்படித்தானே?"

மாசிலாமணி குனிந்து தம் பாதங்களைப் பார்த்தார்.

"ஏற்கலாம் மன்னா. ஆனால் ஊரெல்லாம் சுற்றியதில் ஒரே புழுதி. முதலில் கழுவ வேண்டும். அதற்குத்தான் ஏரி வேண்டும் என்கிறேன்."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை சரிந்தது. ஏரியைத் தூர்க்கக் கூடாது என்ற ஆணையை வேதாசலமே தம் கையால் எழுதினார். விகடகவிக்குப் பொன் எழுத்தாணி கிடைத்தது. அதை அவர் நேரே அலர்மேலுவிடம் கொடுத்தார். மன்னர் வடக்கு அறைக்குப் போய், பட்டப்பகலிலேயே குறட்டை விட்டுத் தூங்கினார்.