மூடியில் ஒரு பொட்டு

சிக்கந்தர் மேஸ்திரிக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் வண்டி வேலை பழக வந்த செல்லக்கனிக்கு நாற்பத்தைந்து. குரு சிஷ்யையை "அக்கா" என்பார். சிஷ்யை குருவை "மேஸ்திரி" என்பாள். மூன்று வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

பட்டறையில் ஒரு வாரத்துக்கு மேலாக ஒரு வண்டி நின்றது. எழுபத்திரண்டாம் வருடத்து மோட்டார் சைக்கிள். செல்லக்கனியின் புருஷன் வேல்சாமி ஓட்டியது. மஞ்சள்காமாலையில் அவர் போய்ச் சேர்ந்த பிறகு, ஒன்பது வருடம் வீட்டு நடையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

அதைத் தள்ளிக்கொண்டு வந்த அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள்.

"இதுல நீங்க கை வைக்கக் கூடாது மேஸ்திரி. நானேதான் செய்யணும்."

"ஏன்க்கா?"

"வாய விட்டுட்டேன்."

மகள் சுகப்பிரியாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. அனுப்ப இவளுக்கு மனசில்லை. இருக்கிறது ஒரே பிள்ளை. கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் காலையில் பஸ் ஏற்றிவிட்டு, சாயங்காலம் அதே பஸ் ஸ்டாப்பில் போய் நின்று கூட்டி வந்தவள். ஒரு நாள் பேச்சு முற்றிப்போய், "உங்கப்பா வண்டி என்னைக்கு உப்போடைப் பாலத்தத் தாண்டுதோ, அன்னைக்கு நீயும் தாண்டு" என்று சொல்லிவிட்டாள். அது எங்கே ஓடப்போகிறது என்ற தைரியம்.

சுகா சண்டை போடவில்லை. "அப்பா போட்டோவத் தொட்டுச் சொல்லு" என்றாள்.

கோபத்தில் தொட்டும் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், மகள் சாக்கை எடுத்து மடித்து வைத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வர்ற திங்க விட்டு அடுத்த திங்கக்கிழமை சேரணும்மா. பன்னெண்டு நாள் இருக்கு."

தொட்டுச் சொன்னதை எப்படி மாற்றுவது? மேஸ்திரி சரிசெய்து கொடுத்துவிட்டால் மகளை யாரோ பிரித்துக் கொண்டுபோன மாதிரி இருக்கும். செய்யாமலே விட்டால் செத்தவரை ஏமாற்றிய மாதிரி இருக்கும். அதனால் அவளே ஸ்பேனரை எடுத்தாள்.

பிஸ்டன் இறுகிப்போய்க் கிடந்தது. ப்ளக்கைக் கழற்றி, துவாரத்தில் டீசலை ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டாள். நாலாம் நாள் கிக்கர் மெல்ல இறங்கியது. டேங்குக்குள் துரு மண்டியிருந்தது. மூடியைக் கழற்றிப் பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, டேங்கில் புளித்தண்ணீரும் ஒரு படி நட்டும் போட்டு, கை ஓயும்வரை உலுக்கினாள். கார்ப்பரேட்டரைப் பிரித்து, ஒவ்வொரு துவாரத்திலும் ஒற்றைக் கம்பி விட்டு ஊதினாள்.

டேங்கை மாட்டுவதற்கு முன்னால் குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோலை நிரப்பி, ஆணியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, ட்யூபைக் கொடுத்து உதைத்தாள். எட்டாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. எதிரே டீக்கடைக் கருத்தப்பாண்டி கிளாஸோடு ஓடி வந்துவிட்டான்.

"அடேங்கப்பா, வேல்சாமி அண்ணன் சத்தம்!"

செல்லக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிக்கந்தர் வேறு ஒரு வண்டிக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி செயினில் குனிந்தார்.

டேங்கை மாட்டினாள். கழுத்துவரை பெட்ரோல் ஊற்றி மூடினாள். ஏறி உட்கார்ந்து போனாள். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது.

ஆட்டிப் பார்த்தாள். டேங்குக்குள் பெட்ரோல் சளசளவென்றது. ஒன்றரைக் கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே வந்தாள். பட்டறை வாசலில் நிறுத்தி உதைத்தால், முதல் உதையிலேயே ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடுகிறது.

மறுநாள் ப்ளக்கை மாற்றினாள். அதே இடத்தில் நின்றது. பாயின்ட்டைத் தேய்த்தாள். நின்றது. கன்டென்சரை மாற்றினாள், இக்னிஷன் காயிலை மாற்றினாள். கார்ப்பரேட்டரை மட்டும் நாலு தடவை பிரித்தாள். பாலத்துக்கு முன்னால் ரோட்டோரம் புதராக நிற்கிற வேலிக்கருவை மூடு வந்ததும், வண்டிக்கு யாரோ சொல்லிவைத்தது மாதிரி நின்றது.

"என்னக்கா, நீங்க வண்டியத் தள்றீங்களா, வண்டி உங்களத் தள்ளுதா?" என்றான் கருத்தப்பாண்டி.

"டீய ஆத்துற வேலையப் பாரு."

அன்றைக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. பட்டறைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவள் போனை எடுத்தாள்.

"சாப்ட்டியா சுகா?"

"பத்து நிமிசத்துக்கு முந்திதானம்மா சொன்னேன்."

"கதவு தாழ்ப்பா போட்டிருக்கியா?"

"பட்டப்பகல்ல எதுக்கும்மா? புழுக்கமா இருக்கு."

"போடு."

தாழ்ப்பாள் விழுகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு சுகா மெதுவாகக் கேட்டாள்.

"வண்டி தாண்டிருச்சாம்மா?"

"இல்ல."

போனை வைத்த பிறகுதான் செல்லக்கனிக்கு உறைத்தது. 'இல்ல' என்று சொன்னபோது நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி ஓடியது. வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் அந்த நிம்மதி வந்திருக்கிறது. தள்ளிக்கொண்டு வந்த வலியைவிட அதுதான் அவளை அசத்திப்போட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் ராத்திரி பஸ்ஸில் ஏறினால்தான் திங்கட்கிழமைக்கு முன்னால் போய் இடம் பார்க்க முடியும் என்று சுகா சொல்லியிருந்தாள். ஏழாம் தடவையாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள் செல்லக்கனி. கையில் வலுவில்லை.

"மேஸ்திரி."

"சொல்லுங்கக்கா."

"என்னால முடியல. இது எதனால நிக்குது?"

சிக்கந்தர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அத நான் சொல்லணுமா? நான் கை வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே."

"கை வைக்க வேணாம். வாயால சொல்லுங்க."

"மொதல்ல நீங்க சொல்லுங்க. இது ஓடணுமா?"

செல்லக்கனி தரையைப் பார்த்தாள்.

"ஓடணும்" என்றாள். "எம்புள்ள மூஞ்சியப் பாக்க முடியல மேஸ்திரி."

சிக்கந்தர் ஆணியில் தொங்கிய காலி குளுக்கோஸ் பாட்டிலை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

"இதுல அரை மணி நேரம் ஓடுச்சுல்ல?"

"ஓடுச்சு."

"பாட்டில் அடியில ஒரு ஊசி குத்தியிருக்கே, யாரு குத்துனது?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"குத்தலேன்னா எப்படி எறங்கும்? உள்ள காத்து ஏறுனாத்தான பெட்ரோலு..."

பேச்சு பாதியிலேயே நின்றது.

அவள் திரும்பி டேங்கைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் எத்தனையோ வண்டி மூடியைக் கையில் எடுத்திருக்கிறாள். எல்லாவற்றிலும் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். காற்று ஏற வைத்தது. இந்த மூடியில் ஓட்டையைக் காணவில்லை. அந்த இடத்தில் சந்தனம் இருந்தது, அதன்மேல் குங்குமம் இருந்தது.

ஒன்பது வருடம். வெள்ளிக்கிழமை தவறாமல் சாக்கை விலக்கி அவள் வைத்த பொட்டு. ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து, ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு இறுகியிருந்தது. டேங்கையெல்லாம் கழுவினாளே, இதை மட்டும் கழுவ மனசு வராமல் துணியில் சுற்றி வைத்தாள். பட்டறைக்கு வந்த பிறகும் விடவில்லை. தினம் காலையில் நல்லபடியா ஓடணும் சாமி என்று வேண்டிக்கொண்டு, அதன்மேலேயே இன்னொரு பொட்டு வைத்துவிட்டுத்தான் உதைத்தாள்.

"மொத நாளே உங்களுக்குத் தெரியுமா மேஸ்திரி?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அவ்வளவு பக்தியா வச்சிருந்தீங்க. நான் எப்படிக்கா சொரண்டச் சொல்வேன்?"

செல்லக்கனி முந்தானையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தாள். பொட்டின் நடுவில் முனையை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊக்கு சட்டென்று உள்ளே இறங்கியது.

உஸ்ஸ் என்று ஒரு சத்தம். டேங்க் மூச்சை இழுத்தது. நெடுநேரம் இழுத்தது.

அவள் வண்டியில் ஏறி உதைத்தாள். வேலிக்கருவை மூடு வந்தது, போனது. பாலம் வந்தது, போனது. அவளுக்கு நிறுத்தத் தோன்றவில்லை. அடுத்த ஊர்ப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய் ஒரு சுற்றுச் சுற்றித்தான் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் காற்றினால் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

பட்டறையில் வந்து இறங்கியதும் போனை எடுத்தாள்.

"தாண்டிருச்சு" என்றாள்.

மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"துணிமணிய எடுத்து வை. பச்சைச் சுடிதார் கொடியில கெடக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "புழுக்கமா இருந்தா கதவத் தெறந்து வச்சுக்க."

போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். உடம்பு முழுக்க அசதி. பக்கத்தில் அவள் காலையில் குழைத்த சந்தனக் கிண்ணம் மிச்சத்தோடு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"அப்ப இனிமே பொட்டு வைக்கக் கூடாதா மேஸ்திரி?"

சிக்கந்தர் அடுத்த வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"வைங்கக்கா. தாராளமா வைங்க. ஓட்டைய மட்டும் விட்டுட்டு வைங்க."