கழுவாத கால்

“சாமி, என் வீட்டுக்காரி அடங்க மாட்டேங்கிறா. நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்.”

பெரிய வியாழனுக்கு முந்தின நாள். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை முடிந்து, சின்னப்பன் நேரே பங்குச் சாமியாரிடம் வந்திருந்தான். பின்னாலேயே அவன் மனைவி பிரகாசியும் வந்து நின்றாள்.

“எதுக்கு அடங்க மாட்டேங்கிறா?”

“என் காலைக் கழுவிவிட மாட்டாளாம்.”

சாமியார் அவன் காலைப் பார்த்தார். தோல் ஊறவைக்கிற சுண்ணாம்பு தின்ற கால். வெடிப்பெல்லாம் கறுப்பு. பச்சைத் தோல் வாடை அறைக்குள் நிறைந்துவிட்டது.

“இயேசு சீடருங்க காலைக் கழுவின மாதிரி, நாளைக்குப் பூசையில பன்னிரண்டு பேர் காலை நான் கழுவப்போறேன். அதுல நீயும் ஒருத்தன். அப்புறமென்ன?”

“இந்தக் காலோடயா? ஊரே பாக்கும் சாமி! பத்து வருஷமா முந்தின நாளே சீயக்காய் போட்டு, எலுமிச்சந்தோல் வச்சுத் தேய்ச்சுவிடுவா. மத்த பதினோரு பேர் வீட்டுலயும் அப்படித்தான்.”

சாமியார் பிரகாசியிடம் திரும்பினார்.

“புருஷனுக்குப் பணிஞ்சிருக்கணும்னு வேதத்துல இருக்கேம்மா.”

“இருக்கு சாமி. பணிஞ்சுதான் பத்து வருஷம் கழுவினேன். சுத்தமான கால் மேல நீங்க தண்ணி ஊத்துனீங்க. உங்க தாழ்மையைப் பாத்து ஊரே கண்ணு கலங்குச்சு.”

“சாமிகிட்டயே வாயாடுறியா?” சின்னப்பன் பல்லைக் கடித்தான். “கழுவலேன்னா ஆத்தா வீட்டுக்குப் போயிருன்னு சொல்லிட்டேன் சாமி.”

“போகவும் மாட்டேன். கழுவவும் மாட்டேன்.”

சாமியார் மறுபடி அந்தக் காலைப் பார்த்தார்.

“சின்னப்பா, நாளைக்கு இந்தக் காலோடயே வா.”

“சாமி!”

“என் பேச்சுக்கு நீ அடங்குவியா, மாட்டியா?”

மறுநாள் சாயங்காலம். பீடத்துக்கு முன்னால் பதினோரு ஜோடி வெளுத்த பாதங்கள். கடைசி நாற்காலியில் சின்னப்பன், வேட்டியை இறக்கிவிட்டுக் காலை மறைத்தபடி.

சாமியார் அவன் முன்னால் முழங்காலிட்டார்.

தண்ணீர் ஊற்றினார். தட்டில் தண்ணீர் கறுத்தது. மறுபடி ஊற்றினார். நகத்தால் வெடிப்பைச் சுரண்டினார். பாடகர் குழுவின் பாட்டு முடிந்துவிட்டது. அவர் முடிக்கவில்லை.

வழக்கப்படி பாதத்தை முத்தமிடக் குனிந்தார்.

சின்னப்பன் காலை இழுத்தான்.

“வேண்டாம் சாமி. நாறுது.”

சாமியார் காலை விடவில்லை.

“உன் வீட்டுக்காரிக்கு நாறலையா?”

சின்னப்பன் பெண்கள் பக்கம் பார்த்தான்.

அங்கிருந்து பிரகாசியின் பதில் வந்தது.

“நாறுச்சு, சாமி.”