சாமி வாய்க்கு ஒட்டுப் பலகாரம்

ஒரு ஊர்ல ஒரு சீனத்து அம்மா இருந்தா. கடலுக்கு அந்தாண்ட பினாங்குன்னு இருக்கே, அந்த ஊரு. பேரு சியூ லான். நீ கண்ணை மூடிக்கோ, ஆனா ம் கொட்டிக்கிட்டே இருக்கணும், சரியா?

சியூ லானுக்கு மனசு வெல்லம், வாயி மட்டும் பச்சை மொளகா. சோத்துல உப்பு கூடிப்போச்சுன்னு ஒரு நாள் மருமக யோக் லெங்கைப் பிடிச்சுப் படபடன்னு பொரிஞ்சு தள்ளிட்டா. அவ புருஷனையும் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. வீடு வெறிச்சுனு ஆயிடுச்சு. கிழவிக்கு அழுகையா வந்துது, ஆனா வாயைத் தொறந்து திரும்பி வான்னு கூப்பிட வரல.

அப்போ அவங்க வருஷப் பொறப்பு நெருங்குச்சு. அவங்க வீடுகள்ல அடுப்புக்கு மேல ஒரு சாமி உண்டு. வருஷம் பூரா அடுப்படிப் பேச்சைக் கேட்டுக்கிட்டே இருப்பாரு. பண்டிகைக்கு முன்னாடி மேலோகம் போயி, பெரிய சாமிகிட்ட ஒண்ணு விடாம ஒப்பிச்சுடுவாரு. ம்? ஆமா, உன்னை மாதிரியேதான்.

நான் திட்டினதை இவரு போயிச் சொன்னா, பெரிய சாமி கோவிச்சுக்கிட்டு அடுத்த வருஷமும் என் வீடு காலியால்ல கெடக்கும்னு சியூ லான் பயந்துட்டா. அதுக்கும் ஒரு வழி இருக்கு. ஒட்டரிசி மாவும் சர்க்கரையும் கரைச்சு, வாழையிலை போட்ட டின்னுல ஊத்தி, பகல் பூரா ஆவியில வேகவெச்சா நியன்காவ்னு ஒரு பலகாரம் வரும். அல்வாவை விட ஒட்டும். அதைச் சாமி வாயில தடவிட்டா அவரால பேசவே முடியாது. ஆனா ஒண்ணு, அது வேகுற வரைக்கும் வீட்ல ஒரு கடுஞ்சொல்லு கேக்கக் கூடாது. கேட்டா இறுகாது.

மொத நாள் வெச்சா. தளதளன்னு தண்ணி கொதிச்சுது. அப்போ பூனை வந்து மீனைத் தூக்கிடுச்சு. நாசமாப் போற பூனைன்னு கத்தினா பாரு, மூடியைத் தொறந்தா கொழகொழன்னு கஞ்சி.

அப்புறம் மறுநாள் பூனையை வெளிய விரட்டிட்டு வெச்சா. மீன்காரன் வந்து நேத்து மீனை இன்னைக்குப் பிடிச்சதுன்னான். இவ விடுவாளா? திரும்பவும் கஞ்சிதான்.

மூணாம் நாள்தான் கடைசி, சாயங்காலம் சாமி கெளம்புறாரு. கதவைச் சாத்தி, வாயில ஒரு துணியைக் கட்டிக்கிட்டு உக்காந்தா. அப்போ டொக் டொக். யாரு? மருமக. துணிமணி எடுத்துட்டுப் போக வந்தவ, ஆவி பொங்குதேன்னு பதறி, டமார்னு மூடியைத் தூக்கிட்டா. பாதி வேக்காட்டுல தொறக்கலாமா?

சியூ லானுக்குத் தொண்டை வரைக்கும் வசவு வந்துடுச்சு. வாய்த்துணியை அவுத்தா. வாங்கிக் கட்டிக்கத் தயாரா யோக் லெங் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. அந்த மொகத்தைப் பார்த்துட்டு கிழவி என்ன கேட்டா தெரியுமா?

"சாப்பிட்டியாம்மா?"

நம்மளை மாதிரியே அவங்களும் ஆளைப் பார்த்தா மொதல்ல அதைத்தான் கேப்பாங்க. இந்த மருமகளை மட்டும் அவ கேட்டதே இல்ல. "இல்ல அத்தை"ன்னு சொல்லிட்டு யோக் லெங் விசும்பி விசும்பி அழுதா.

அப்புறம் மூடியைத் திரும்பப் போட்டுட்டு ரெண்டு பேரும் அடுப்பு முன்னாடி உக்காந்து பேசினாங்க, பேசினாங்க, பலகாரம் கிண்ணுனு இறுகிப்போச்சு. மகனும் தேடிக்கிட்டு வந்துட்டான். சுடச்சுடப் பிச்சுத் தின்னாங்க. சிரிச்ச சிரிப்புல டின்னு காலியானது யாருக்கும் தெரியல. சாமி வாயில தடவத் துளி மிச்சமில்ல.

சாமி வாயி ஒட்டாமலே ஜம்முனு மேலோகம் போயிட்டாரு. அந்த வீட்டுல என்ன சேதின்னு பெரிய சாமி கேட்டாரு.

"மருமக வந்துட்டா, வயிறு நெறையச் சாப்பிட்டா"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.

கதையும் வெந்து எறங்கியாச்சு, அடுப்பும் அணைஞ்சாச்சு. தூங்குடா தங்கம்.