கடைசி இடத்துக்கு ஆள் தேவை

வேங்கைநல்லூர் ராஜா வீரகேசரிக்குத் திடீரென்று கல்வியின் மேல் அக்கறை பிறந்தது. கிளப்பிவிட்டவர் பிரதானி.

"அரண்மனைப் பாடசாலையில் இப்போதெல்லாம் முதல் இடமும் இல்லை, கடைசி இடமும் இல்லையாம், மகாராஜா! 'போன மாதம் தெரியாதது இன்று என்ன தெரியும்?' என்று ஒவ்வொருவனையும் தனித்தனியாகக் கேட்கிறாராம் வாத்தியார். இதெல்லாம் ஒரு பரீட்சையா?"

வாத்தியார் அரியமுத்துவைக் கூப்பிட்டார்கள்.

"இனிமேல் பாட்டு ஒப்பிக்க வையும். ஒப்பிக்கிற வரிசையில் உட்கார வையும். என் பாடசாலையில் கடைசி என்று ஒருவன் இருக்கவே கூடாது. இருந்தால் வெளியே அனுப்பிவிடும்!" என்றார் ராஜா.

கடைசி யார் என்பது வாத்தியாருக்குத் தெரிந்ததுதானே? செங்கோடன். போரில் செத்த சிப்பாயின் மகன். கணக்கில் புலி, ஆனால் திக்குவாய். பாடசாலையை விட்டால் அவனுக்கு அரண்மனைச் சோறும் கிடையாது.

கெஞ்சலாமா என்று யோசித்தார். கெஞ்சினால் ராஜா இன்னும் முறுக்கிக்கொள்வார்.

"கடைசி என்று ஒருவன் இருக்கவே கூடாது. அப்படித்தானே, அரசே?"

"அப்படியேதான்!"

"உத்தரவு" என்று பணிவாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பணிவைப் பார்த்தாவது பிரதானி சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சரஸ்வதி பூஜையன்று முதல் மாணவனுக்குத் தங்கக் காப்புப் போட ராஜா பிரதானியோடு வந்தார். கூடம் காலி. நடுவில் இளவரசன் மட்டும், மூட்டை முடிச்சோடு; பக்கத்தில் வாத்தியார்.

"மற்றவர்கள் எங்கே?"

"செங்கோடன் கடைசியாக வந்தான், அனுப்பினேன். அவன் போனதும் அவனுக்கு முன்னால் இருந்தவன் கடைசியானான். அவனையும் அனுப்பினேன். தினமும் ஒருவன் கடைசியாகிக்கொண்டே இருந்தான், அரசே. நானும் சளைக்கவில்லை. நேற்று பிரதானியார் மகன் முறை. பாவம், ரொம்ப அழுதான்."

"என் மகனா!" என்று பிரதானி துள்ளினார். "வீட்டில் மூச்சே விடவில்லையே!"

"இன்று இளவரசர்தான் முதல். சந்தேகமே இல்லை. ஆனால் பின்னால் திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. கடைசியும் இவர்தான். காப்பைப் போட்டு அனுப்புவதா, போடாமல் அனுப்புவதா? அதை மட்டும் தாங்கள் சொல்லிவிடுங்கள்."

ராஜாவின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

"போனவர்கள் எங்கேயய்யா?"

"என் வீட்டுக் கொல்லையில் படிக்கிறார்கள். செங்கோடன் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். சோறு என் வீட்டில்தான்."

"சரி, உம்முடைய பரீட்சையையே வைத்துப் பார்க்கிறேன்" என்று ராஜா மகனிடம் திரும்பினார். "போன மாதம் தெரியாதது இன்று உனக்கு என்னடா தெரியும்?"

இளவரசன் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "செங்கோடன் இல்லாவிட்டால் நானும் கடைசிதான், அப்பா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாரையும் திரும்ப அழைக்கச் சொன்னார். காப்பு வாத்தியார் கைக்குப் போனது.

பிரதானி மட்டும் வாத்தியாரைத் தனியாக ஓரங்கட்டி, மெதுவாகக் கேட்டார்: "அது கிடக்கட்டும். கொல்லையில் என் மகன் எத்தனையாவது?"