சந்தியாகப்பர் வெளியே போகும் வாசல்

மழையே எட்டிப் பார்க்காத வருசம் அது. கண்மாய்க்கரை ஊர் ஒன்றில் ஓட்டுக்கூரையும் ஒற்றை மணியுமாகப் புனித சந்தியாகப்பருக்கு ஒரு சின்னக் கோயில். அதன் பங்குச்சாமி இஞ்ஞாசி. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த வளன், சாமியைவிட வயதில் மூத்தவர். பட்டாளத்தை விட்டுத் துறவுக்கு வந்தவர்.

அன்று மறைமாவட்ட ஆயர் வருவதாக இருந்தது. வளனுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா, வேண்டாமா என்று பார்த்துப் போகத்தான் வருகிறார். அதற்காகவே வளன், சந்தியாகப்பரின் மரச்சுரூபத்துக்குத் தன் கையாலேயே புது வர்ணம் அடித்துப் பீடத்தில் ஏற்றியிருந்தார்.

மத்தியானம் போய்ப் பார்த்தால் பீடம் காலி. எப்போதும் பூட்டிக் கிடக்கும் மேற்கு வாசல், ஆவென்று திறந்து கிடந்தது.

வறண்ட கண்மாய்க்குள், கொளுத்தும் வெயிலில் நின்றிருந்தார் சந்தியாகப்பர். பக்கத்தில் வெறுங்காலோடு அந்த ஊர் ஞானப்பூ.

"ஏம்மா, புனிதரை இப்படியா வெயில்ல நிறுத்துவீங்க?"

"பயிரு கருகுறது உள்ள உக்காந்திருந்தா அவருக்கு எப்படித் தெரியும், பிரதரு?"

"வர்ணம் கொப்பளிக்குதும்மா!"

"கொப்பளிக்கட்டும். எங்க தோலுக்கு யாரு வர்ணம் அடிச்சா?"

வளன் சாமியிடம் ஓடினார்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி, தூக்கிட்டு வந்துர்றேன். ஆயர் பாத்தா என் பட்டம் போச்சு."

"கோயில் வரலாறு வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே. அந்த மேற்கு வாசல் எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியாது சாமி."

"முதல்ல வச்ச வாசலே அதுதான். மழை இல்லாத வருசம் சந்தியாகப்பர் வெளிய போறதுக்கு. நாம வந்துபோற வாசலை அப்புறம்தான் வச்சாங்க."

சொல்லிக்கொண்டே சாமி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கண்மாய்க்குள் இறங்கினார். வளன் பின்னாலேயே போனார்.

"வாங்க சாமி. காலையிலருந்து வீட்டுக்கு ஒரு ஆளா மாத்தி மாத்தி நின்னு முடிச்சாச்சு. இனி உங்க கோயில் வீட்டு முறை," என்றாள் ஞானப்பூ. பிறகு சுரூபத்தின் காலைத் தொட்டு, "வாரேன்யா, கோவிச்சுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாமி அவள் நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டார்.

தூரத்தில் புழுதி கிளம்பியது. ஆயரின் கார்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை, ஒரே தூக்கில் உள்ளே கொண்டுபோய்விடலாம் என்று நினைத்தார் வளன். இடுப்போடு சேர்த்துச் சுரூபத்தைக் கட்டிப் பிடித்தார். காய்ச்சல்காரர் உடம்பு மாதிரி கொதித்தது மரம். வர்ணம் அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

கையை எடுத்துவிட்டார். அப்புறம் குனிந்து தன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சந்தியாகப்பருக்கு அந்தப் பக்கமாய்ப் போய் நின்றார்.

கரைமேல் கார் நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வளன் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாமி, இவ்வளவு செஞ்சும் மழை பெய்யலைன்னா?"

"சந்தியாகப்பருக்கும் மனசு கஷ்டமாத்தான இருக்கும்? அப்பப் பக்கத்துல ஆள் வேணும்ல."