கொம்பா, ரோமமா, இறகா?

“மூன்றே கேள்விகள்! கேட்டு முடிப்பதற்குள் காட்டில் ஒருவர்கூடப் பாக்கி இருக்க மாட்டார்!”

நரி இப்படிப் பேசிக்கொண்டிருந்தது, புற்றுக்குப் பின்னால் எறும்பு தேடிக்கொண்டிருந்த எறும்புத்தின்னியின் காதில் தற்செயலாக விழுந்தது. வாலில் தொற்றிக்கொண்டிருந்த குட்டியோடு அது அப்படியே நின்றுவிட்டது.

கடும் கோடை. காட்டில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருந்தது. முந்தின நாள் அங்கே நடந்த நெரிசலில் ஒரு மான்குட்டி மிதிபட்டுக் காலை ஒடித்துக்கொண்டது. அதனால் குளக்கரைக்கு ஒரு விதி வகுக்க மிருகங்கள் கூடியிருந்தன.

“ஒரே கேள்வி போதாதா?” என்றது காட்டுப்பன்றி. “தாகமா என்று கேட்போம். ஆம் என்றால் உள்ளே விடுவோம். இல்லை என்றால் திருப்பி அனுப்புவோம்!”

“குளத்துக்கு வருகிறவன் தாகம் இல்லை என்பானா, தம்பி?” என்று நரி சிரித்தது.

“அப்படியானால் இரண்டு வழி வைப்போம்,” என்றது நாரை. “என்னைவிட உயரமா? ஆம் என்றால் இடது கரை. இல்லை என்றால் வலது கரை. எல்லாரும் இரண்டில் ஒன்றில் அடங்கிவிடுவார்கள்.”

“இவ்வளவு சுலபமானது போதுமென்றால் என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள்?” என்றது நரி.

அது நியாயமாகத்தான் பட்டது. நாரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

நரி புழுதியில் கோடு கிழித்து விளக்கியது. “கொம்பு உண்டா? இடது கரை. ரோமம் உண்டா? வலது கரை. இறகு உண்டா? பாறைப் பக்கம். தீர்ந்தது!”

எறும்புத்தின்னி தன் உடம்பைப் பார்த்துக்கொண்டது. தலை முதல் வால் வரை செதில்! எழுந்து கேட்டுவிடலாமா? இத்தனை பேர் நடுவிலா? பெரியவர்கள் இதை யோசிக்காமலா இருப்பார்கள்? திறந்த வாயை மூடிக்கொண்டது.

மறுநாளே குளத்தைச் சுற்றி முள்வேலி வந்தது. வாசலில் காட்டுப்பன்றி காவல் நின்றது. கேள்வி கேட்கும் வேலை மைனாவுக்கு. சொல்லிக் கொடுத்ததை ஓர் எழுத்து மாறாமல் சொல்வதில் மைனாவை மிஞ்ச ஆள் இல்லை.

விதி அருமையாக வேலை செய்தது. கொம்புள்ள ஆண்மான்கள் இடது கரையிலும், கொம்பில்லாத பெண்மான்கள் முயல்களோடு வலது கரையிலும் நின்று, கணவனும் மனைவியும் தூரத்திலிருந்து ஒருவரையொருவர் பார்த்தபடியே குடித்தனர். ஆனால் நெரிசல் இல்லை!

எறும்புத்தின்னியின் முறை வந்தது.

“கொம்பா?” என்றது மைனா.

“இல்லை.”

“ரோமமா?”

“வயிற்றில் கொஞ்சம் இருக்கிறது…”

“கொஞ்சம் என்று எனக்குச் சொல்லித் தரவில்லை. இறகா?”

“இல்லை. அப்புறம் நான் எங்கே போக, அக்கா?”

“அதையும் சொல்லித் தரவில்லை. அடுத்தது!”

எறும்புத்தின்னி நரியிடம் போய் முறையிட்டது.

“விதியில் பிழை இல்லை, தங்கச்சி,” என்றது நரி. “விதிக்குள் வராதது உன் பிழை. செதில் என்றால் மீனுக்கு இருக்கும். மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறதே, அதற்கு வழி எதற்கு?”

சுற்றிலும் பாறை. வேலிக்கு அடியில் தோண்டவும் முடியவில்லை. எறும்புத்தின்னி விடியலில் இலையில் படிந்த ஈரத்தைக் குட்டிக்கு நக்கக் கொடுத்தது. இரண்டு நாள் கழித்து இலையும் காய்ந்துவிட்டது. குட்டி வாலைப் பிடிக்கத் தெம்பில்லாமல் நழுவி நழுவி விழுந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு எறும்புத்தின்னி மறுபடியும் வாசலுக்கு வந்தது.

அன்று காலைதான் மூங்கில் புதரில் தீப்பிடித்திருந்தது. அதில் நரி தப்பியது. அதன் ரோமம் தப்பவில்லை. வெறும் தோலோடு, நாக்குத் தள்ள ஓடிவந்தது.

“கொம்பா?” என்றது மைனா.

“விடு, எரிகிறது!”

“ரோமமா? இல்லை. இறகா? இல்லை. அடுத்தது!”

“அடியே! இந்த விதியை எழுதியவனே நான்தான்!”

“எழுதியவனா என்று கேட்கச் சொல்லவில்லையே!”

“பன்றி, உனக்காவது என்னைத் தெரியாதா?”

“நன்றாகத் தெரியும், அண்ணே. ஆனால் மைனா வழி சொன்னால்தான் விடலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்று பன்றி பணிவோடு கேட்டது.

நரி வாசலிலேயே சுருண்டு விழுந்தது.

எறும்புத்தின்னி குட்டியைப் பார்த்தது. அது கண் திறக்கவில்லை. வழக்கமாக யாராவது பார்த்தாலே பந்தாகச் சுருண்டுகொள்ளும் அந்தத் தாய், அத்தனை மிருகங்களுக்கும் முன்னால் நடந்து மைனாவின் கிளைக்கு அடியில் போய் நின்றது.

“மைனா அக்கா, நீங்கள் நரியண்ணன் சொல்வதை மட்டும்தான் கேட்பீர்களா?”

“யார் சொல்லித் தந்தாலும் கேட்பேன். வேறு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை!”

எறும்புத்தின்னிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “அப்படியானால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் இல்லையா? பாறைப் பக்கம்!”

“மூன்றும் இல்லையா? பாறைப் பக்கம்!” என்று மைனா கணீரென்று கூவியது. பன்றி விலகி வழிவிட்டது.

குட்டி முதலில் குடித்தது. இரண்டு மிடறு இறங்கியதும் கண்ணைத் திறந்தது. பிறகு தாய் குடித்தது. நரி தவழ்ந்து வந்து தண்ணீரில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“எதிலும் சேராமல் வந்து நிற்கிறவருக்கும் ஒரு வழி வைத்தால்தான் அது முழு விதி, அண்ணா,” என்றது எறும்புத்தின்னி மெல்ல.

நரி நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டது. “நாலாவது கேள்வியை நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன். சமயம் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்,” என்றது.

எறும்புத்தின்னி குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு, எரிந்த தோலுக்குப் படும்படி நரியின் முதுகில் ஒரு வாய்த் தண்ணீரைக் கொப்பளித்துவிட்டு நடந்தது.