லாரி எஞ்சின் ஏறிய ஜீப்

வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் முதலாளி. தன் பழைய ஜீப்பில் பெரிய லாரி எஞ்சினை ஏற்றச் சொன்னார்.

"பிரேக்கையும் மாத்தணுங்க ஐயா" என்றார் மெக்கானிக் வேலாண்டி.

"எனக்கே புத்தி சொல்றியா? எதிர்த்துப் பேசினா என் இடத்துல ஷெட் போட முடியாது, பார்த்துக்க!"

வேலாண்டி வேலையை முடித்தார். சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"முதல் ஓட்டம் முதலாளி கையாலதாங்க. அடிவாரத்து முருகன் கோவில் வரைக்கும் இறங்கிட்டு வாங்க."

முதலாளி மலைப்பாதையை எட்டிப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது.

"இப்ப ராகுகாலமாச்சேய்யா?"

"அது முடிஞ்சு ரெண்டு மணி நேரமாச்சுங்க."

"எமகண்டம்?"

"அதுவும் போயிடுச்சுங்க."

"அப்ப... அந்தப் பிரேக்கை மாத்திட்டே போவோம்யா."

"நேத்தே மாத்தியாச்சுங்க ஐயா. தைரியமா ஏறுங்க" என்றார் வேலாண்டி.